நான் ஒட்டி வைத்த பூட்டுப் படம்

2018 ஓகஸ்ட்டில், கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிற என் கொமியூனிகேஷன் கடைச் சுவரில் ஓர் அறிவித்தல் ஒட்டினேன். ஏ4 தாள், கலர் பிரிண்ட், மேலே லெமினேட். நடுவில் பச்சை நிறத்தில் பெரிய பூட்டு. அதன் கீழே ஒரே ஒரு வரி: ‘முகவரிக்குப் பக்கத்தில் பூட்டு இருந்தால் பயப்பட வேண்டாம்.’

அந்த ஆண்டு ஜூலையில்தான் குரோம் பிரவுசர், அனுப்புவதை வழியில் ஒருவரும் வாசிக்க முடியாதபடி மறைக்கிற எச்டிடிபிஎஸ் முறை இல்லாத எல்லாத் தளங்களுக்கும் ‘பாதுகாப்பற்றது’ என்று எழுதிக் காட்டத் தொடங்கியிருந்தது. கடைக்கு வருகிறவர்கள் தளத்தைச் சந்தேகிக்கவில்லை, என்னைத்தான் சந்தேகித்தார்கள். “அண்ணை, உங்கட கொம்பியூட்டருக்கு வைரஸ் போல கிடக்கு” என்று ஒரு பெடியன் பாதியில் எழுந்தே போய்விட்டான். ஒவ்வொருவருக்கும் விளக்கி வாய் அலுத்துத்தான் அந்தத் தாளை அடித்தேன். போட்டோகொப்பி, ரீலோட், பாஸ்போர்ட் போம், விசா போம், வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு ஈமெயில் என்று ஓடுகிற கடை. நாலு கொம்பியூட்டர், ஒரு ராவுட்டர். நான் இதை ஒரு பாடமாகப் படித்தவன் இல்லை. கடை நடத்தி, அடி வாங்கிக் கற்றதுதான்.

2023 மார்ச்சில் ஒரு பின்னேரம், மேல்மாடியில் குடியிருக்கிற அன்ரி போனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். இளைப்பாறிய ரீச்சர். முகத்தில் இரத்தமே இல்லை.

“தம்பி, நீர் ஒட்டியிருக்கிற அந்தப் பூட்டு இதிலயும் இருந்தது. அதைப் பாத்துத்தான் காசு கட்டினனான். இப்ப பாங்கில இருந்து வேற என்னவோ மெசேஜ் வருது.”

கனடாவிலிருந்து மகன் அனுப்பிய பொதிக்காக மூன்று கிழமையாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். அந்த நேரம் பார்த்து, ‘உங்கள் பொதியின் முகவரி முழுமையாக இல்லை, 120 ரூபா கட்டித் திருத்தவும்’ என்று ஒரு மெசேஜ், கீழே ஒரு லிங்க். அப்படி ஒரு பொதியை எதிர்பார்க்காத ஆயிரம் பேருக்கும் அதே மெசேஜ் போயிருக்கும். எதிர்பார்த்துக்கொண்டிருந்தவர் அகப்பட்டார். தட்டினால் தபால் கந்தோர்ப் பக்கம் மாதிரியே ஒன்று திறந்தது. கார்ட் இலக்கம், முடிவுத் திகதி, பின்பக்கத்து மூன்று இலக்கம். பிறகு ஓடீபி. எல்லாம் போட்டிருக்கிறார்.

முதல் வேலையாகக் கார்ட்டின் பின்பக்கம் இருந்த இலக்கத்துக்கு அடித்து, கார்ட்டை நிறுத்தச் சொன்னோம். அதற்குப் பிறகுதான் அவருடைய மெசேஜ்களை ஆறுதலாக வாசித்தேன். ஓடீபி வந்த மெசேஜில் ஆறு இலக்கத்துக்கு முன்னாலேயே தொகையும் இருந்தது: 46,800 ரூபா. 120 ரூபா கட்டப் போனவர் அதைக் காணவில்லை. போன் அந்த ஆறு இலக்கத்தை மட்டும் பிடுங்கி விசைப்பலகைக்கு மேலே காட்டியிருக்கிறது. அவர் அதைத் தொட்டார், அது தானாக விழுந்தது. வசதி என்று நாம் நினைக்கிற விஷயம், வாசிக்க வேண்டிய ஒரேயொரு வரியைக் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது. காசு திரும்பி வரவில்லை. ஓடீபியை நீங்களே கொடுத்திருக்கிறீர்கள் என்று வங்கி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டது. நாலு கடிதம் எழுதினோம். நாலுக்கும் அதே பதில்.

அன்றிரவு கடையைப் பூட்டிய பிறகு அந்தப் பக்கத்தைத் திரும்பத் திறந்து பார்த்தேன். பூட்டு உண்மையாகவே இருந்தது. அதைத் தொட்டால் ‘இணைப்பு பாதுகாப்பானது’ என்றது. தளத்துக்கு அந்தப் பூட்டைத் தருகிற சான்றிதழின் விபரத்துக்குள் போனேன். எடுத்து மூன்று நாள். பிழை ஒன்றும் இல்லை. அன்ரியின் கார்ட் இலக்கம் வழியில் ஒருவர் கண்ணிலும் படாமல், ஓர் எழுத்தும் மாறாமல், பத்திரமாகக் கள்ளனின் கையில் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இதை அன்ரிக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தபோது காலி வீதியில் பின்னேரத்தில் நிற்கிற யாழ்ப்பாண பஸ்தான் நினைவுக்கு வந்தது. இங்கே எல்லாரும் ஊருக்குப் பொதி போட்டு விடுகிறவர்கள். உரப்பையில் சாமானைப் போட்டு, வாயைச் சாக்கு ஊசியால் தைத்து, மேலே மார்க்கரால் பெயர், இடம், போன் இலக்கம் எழுதிக் கொடுப்போம். தையல் பிரியாமல் போய்ச் சேர்ந்தால், வழியில் ஒருவரும் கை வைக்கவில்லை என்று தெரியும். எச்டிடிபிஎஸ் அந்தத் தையல்தான். ஆனால் பையில் எழுதியிருக்கிற பெயரைக் கொண்டக்டர் வாசிக்கிறார். பை பாரமா, இலேசா என்பதும் அவருக்குத் தெரியும். எத்தனை மணிக்கு ஏற்றினோம் என்பதும் தெரியும். நாமே பிழையான ஆளின் பெயரை எழுதிக் கொடுத்தால், தைத்த பை தைத்தபடியே அந்த ஆளிடம் போய்ச் சேரும். கொண்டக்டரைப் பேசிப் பிரயோசனம் இல்லை.

“அப்ப அந்தப் பூட்டு ஒண்டுக்கும் உதவாதோ?” என்று கேட்டார்.

உதவும் அன்ரி, நல்லா உதவும் என்றேன். அது இல்லாத காலத்தை நான் கண்டிருக்கிறேன்.

2010 ஒக்டோபரில் எரிக் பட்லர் என்ற அமெரிக்க மென்பொருளாளர் ‘ஃபயர்ஷீப்’ என்ற சின்ன நிரல் ஒன்றை வெளியிட்டார். ஃபயர்ஃபொக்ஸ் பிரவுசரில் சேர்த்துக்கொள்கிற துணுக்கு. அப்போது என் கடை வைஃபைக்குக் கடவுச்சொல் போட்டிருக்கவில்லை. ஆட்கள் லப்டொப்போடு வந்து இருக்கட்டும் என்று திறந்து விட்டிருந்தேன். நிரலைப் போட்டு ஒரு பொத்தானை அமத்தினேன். ஒரு நிமிசத்துக்குள் திரையின் இடப்பக்கத்தில் என் கூட்டாளியின் ஃபேஸ்புக் படம் வந்தது. அவன் மூன்று கதிரை தள்ளி இருந்தான். படத்தை இரண்டு தரம் தட்டினேன். கடவுச்சொல் கேட்கவே இல்லை, அவனுடைய கணக்குக்குள் நான் நின்றேன். ‘நான் ஒரு கழுதை’ என்று அவன் பெயரில் எழுதிப் போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தபோது, அடுத்த படம் வந்தது. மூலையில் இருந்து சிவி அடித்துக்கொண்டிருந்த, முன்பின் தெரியாத ஒரு பிள்ளை. உடனே மூடினேன். அன்றிரவே வைஃபைக்குக் கடவுச்சொல் போட்டேன்.

அந்தக் காலத்தில் பெரிய தளங்கள்கூட உள்ளே நுழைகிற நேரம் கடவுச்சொல்லை மட்டும் மறைகுறியாக்கி வாங்கிவிட்டு, பிறகு ‘இவர் இன்னார்’ என்று தருகிற குக்கிச் சீட்டைத் திறந்தபடியே அனுப்பிக்கொண்டிருந்தன. சீட்டைப் பிடித்தால் ஆளைப் பிடித்த மாதிரி. ஃபேஸ்புக் 2013இல்தான் எல்லாருக்கும் எச்டிடிபிஎஸ் என்று ஆக்கியது. ஜீமெயில் 2010 தொடக்கத்திலேயே செய்துவிட்டது.

இப்போது என் கடை ராவுட்டரில் நின்று பார்த்தால் என்ன தெரியும்? சில வருடத்துக்கு முன் வயர்ஷார்க் என்ற கருவியால் என் சொந்தப் போனையே வேவு பார்த்தேன். கூகிளில் சீனி வருத்த மருந்து ஒன்றின் பெயரைத் தேடினேன். கூகிளுக்குப் போன விபரம் தெரிந்தது. என்ன தேடினேன் என்பது தெரியவில்லை, வெறும் குப்பை எழுத்துகள். பிறகு ஒரு கலியாணப் பொருத்தத் தளத்துக்குப் போனேன். யாரைப் பார்த்தேன் என்பது தெரியாது. ஆனால் தளத்தின் பெயர் அப்படியே தெரிந்தது. பொம்பிளை பார்க்கத் தொடங்கிவிட்டான் என்று ஊகிக்க அது போதும்! பெயரை எண்ணாக மாற்றித் தருகிற டிஎன்எஸ் விசாரணையும், இணைப்புத் தொடங்குகிற முதல் வணக்கமும் இன்னும் பெரும்பாலான இடங்களில் திறந்தபடிதான் போகின்றன. அவற்றையும் மறைக்கிற முறைகள் வந்திருக்கின்றன, ஆனால் எல்லா இடத்திலும் இல்லை.

இதைக் கொழும்பு ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை, அனுபவம் இருக்கிறது. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ஃபேஸ்புக்கையும் வாட்ஸப்பையும் நாள்கணக்காக நிறுத்தினார்கள். 2022 ஏப்ரல் 3ஆம் திகதி, ஊரடங்குக்குள் திரும்பவும் நிறுத்தினார்கள். அந்தத் தளங்கள் எல்லாவற்றுக்கும் பூட்டு இருந்தது. நெட்வேர்க் கொம்பனியால் நீங்கள் எழுதியதை வாசிக்க முடியாது. ஆனால் எங்கே போகிறீர்கள் என்று தெரிகிறபடியால் வாசலில் மறிக்க முடிந்தது. அந்த நாட்களில் கடைக்கு வந்தவர்களின் போன்களுக்கு தடையைச் சுற்றிப் போகிற இலவச விபிஎன் எத்தனை போட்டுக் கொடுத்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. அதுவும் நான் யோசிக்காமல் செய்த வேலை. விபிஎன் போட்டால், நாங்கள் எங்கே போகிறோம் என்று உள்ளூர்க் கொம்பனிக்குத் தெரியாது. ஆனால் அந்த விபிஎன்காரனுக்குத் தெரியும். பஸ் கொம்பனியை மாற்றியிருக்கிறோம், அவ்வளவுதான். காசு வாங்காமல் பஸ் ஓட்டுகிறவன் எதில் சம்பாதிக்கிறான் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

சான்றிதழ் விசயத்துக்கு வருகிறேன். முன்பு இந்தப் பூட்டை வாங்கப் பெரும்பாலான தளக்காரர் வருடா வருடம் டொலரில் கட்ட வேண்டும். 2015 டிசம்பரில் ‘லெட்ஸ் என்க்ரிப்ட்’ என்ற இலாபநோக்கற்ற அமைப்பு அதை எல்லாருக்கும் சும்மா கொடுக்கத் தொடங்கியது. நல்ல காரியம், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. கோயில் தளம், பள்ளிக்கூடப் பழைய மாணவர் தளம், சின்னக் கடைகளின் தளம் எல்லாம் மூடி அனுப்பப் பழகியது அதனால்தான். ஆனால் சான்றிதழ் தருவதற்கு முன் அங்கே கேட்பது ஒரே கேள்விதான்: இந்த இணையப் பெயர் உன் கையில் இருக்கிறதா? அதையும் மனிதர் கேட்பதில்லை, நிரல் ஒன்று கேட்டுச் சில நிமிடத்தில் முடித்துவிடும். நீ நல்லவனா, உண்மையாகத் தபால் கந்தோரா என்று விசாரிப்பது அதன் வேலை இல்லை. கொஞ்சக் காலம் வங்கித் தளங்களின் பூட்டுக்குப் பக்கத்தில் கொம்பனியின் பெயரே பச்சையில் வரும், நினைவிருக்கிறதா? விசாரித்துத் தருகிற விலை கூடின சான்றிதழ் அது. ஆட்கள் அதைக் கவனிப்பதே இல்லை என்று கண்டு 2019இல் குரோம் அதை முகவரிப் பட்டையிலிருந்து எடுத்துவிட்டது.

ஆகவே பூட்டைப் பார்க்கிற நேரத்தில் பெயரைப் பார்க்க வேண்டும். அதைப் பார்க்கிற முறையும் இருக்கிறது. போனில் முகவரி பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும், அதைத் தொட்டு முழுதாக விரிக்க வேண்டும். தொடக்கத்தில் இரட்டைச் சாய்கோடு வரும், அதை விடுங்கள். அதற்குப் பிறகு வருகிற முதல் ஒற்றைச் சாய்கோட்டில் நின்று, பின்பக்கமாக, வலமிருந்து இடமாக வாசியுங்கள். அங்கே வருகிற கடைசித் துண்டும் அதற்கு முந்தினதும்தான் வீட்டுக்காரன். கொவ் டொட் எல்கே, கொம் டொட் எல்கே என்று முடிந்தால் இன்னும் ஒரு துண்டு சேர்த்துப் பாருங்கள். அதற்கு இடப்பக்கம் இருப்பது எல்லாம் அவன் விரும்பியபடி எழுதிக்கொள்கிற அலங்காரம். அன்ரிக்கு வந்த முகவரியில் ‘போஸ்ட்’ இருந்தது, சின்னக் கோடு போட்டு ‘எல்கே’யும் இருந்தது. முடிவில் இருந்ததோ ‘டொட் டொப்’. முன்னாலிருந்து வாசித்தால் இலங்கை, பின்னாலிருந்து வாசித்தால் யாரோ.

உண்மையில் இதையும் எல்லா நேரமும் சரியாகச் செய்ய முடியாது. களைத்துப் போயிருப்போம், கண்ணாடி மேசையில் கிடக்கும். அதனால் நான் இப்போது அதிகம் நம்புவது பிரவுசரில் சேமித்து வைத்த கடவுச்சொல்லை. அது படத்தையும் நிறத்தையும் பார்ப்பதில்லை, பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். ஒவ்வொரு நாளும் தானாக நிரப்புகிற வங்கிப் பக்கம் இன்றைக்கு நிரப்பாமல் நின்றால், அங்கே என் கைக்கு வேலை இல்லை. கார்ட் இலக்கம் கேட்கிற புதுப் பக்கத்தில் இந்த உபாயம் உதவாது என்பதும் உண்மை. அதற்கு ஒரே வழி, மெசேஜில் வந்த லிங்க்கால் உள்ளே போகாமல் இருப்பது. பொதி வந்திருந்தால் கவுண்டரில் போய்க் கேட்கலாம். அல்லது முகவரியை நானே அடித்துப் போகலாம்.

என் கடைக் கொம்பியூட்டர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அது அநியாயம். பூட்டு காக்கிற பாதை பிரவுசரில் முடிகிறது. அதற்கு இப்பால் இருப்பது என் மேசை. ஒருநாள் இரண்டாம் நம்பர் கொம்பியூட்டரின் டவுன்லோட் பகுதியைத் திறந்து பார்த்தேன். அடையாள அட்டை இரண்டு பக்கமும், பாஸ்போர்ட் முதல் பக்கம், ஆறு மாத வங்கிக் கணக்கு விபரம், ஒரு விவாகரத்துத் தீர்ப்பு, யாரோ ஒரு பிள்ளையின் இரத்தப் பரிசோதனை. எல்லாம் வழி முழுதும் மறைகுறியில் வந்து, பிரிண்ட் எடுக்கப்பட்டு, இங்கே நிர்வாணமாகக் கிடந்தன. பக்கத்து ஜன்னலில் ஒரு ஐயாவின் வாட்ஸப் வெப் திறந்தபடி, மெசேஜ் வந்துகொண்டிருந்தது. இப்போது ஒவ்வொரு இரவும் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் ஷட்டர் இறக்குகிறேன். ஆனால் எல்லாக் கடைக்காரரும் செய்வார்கள் என்று நம்பாதீர்கள். என்னையும் நம்பாதீர்கள். எழும்ப முன் நீங்களே அழியுங்கள், குப்பைத் தொட்டியையும் வெறுமையாக்குங்கள். வங்கி வேலையைக் கடைக் கொம்பியூட்டரில் செய்யவே வேண்டாம். விசைப்பலகையில் அடிப்பதைப் பதிவு செய்கிற நிரல் ஒன்று இருந்தால், எந்தப் பூட்டும் அதற்கு முன் நிற்காது.

எச்சரிக்கைத் திரையைப் பற்றியும் ஒரு பாவம் இருக்கிறது. 2022இல் கரண்ட் வெட்டிய காலம். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. மூன்றாம் நம்பர் கொம்பியூட்டருக்குள், கரண்ட் இல்லாத நேரத்திலும் திகதியை நினைவில் வைக்கிற காசு வடிவ பற்றரி செத்துவிட்டது. கரண்ட் வரும்போதெல்லாம் அதன் திகதி பல வருடம் பின்னால் போய் நிற்கும். சான்றிதழுக்குத் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. கொம்பியூட்டரின் கணக்குப்படி அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. ஆகவே எந்தத் தளத்துக்குப் போனாலும் சிவப்பு எச்சரிக்கை. நான் என்ன செய்தேன்? “அதில கீழ அட்வான்ஸ்ட் எண்டு கிடக்கும், அமத்திப் போட்டுத் தொடருங்கோ” என்று வருகிற ஆளுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தேன். வங்கித் தளங்கள் சிலவற்றில் தொடரவே விடாது. அதையும் கொம்பியூட்டரின் பிழை என்று திட்டினேன். ஒன்றரைக் கிழமை கழித்துத்தான் யுனிட்டி பிளாசாவில் சீஆர் 2032 பற்றரி ஒன்று வாங்கிப் போட்டேன். அதோடு எச்சரிக்கை எல்லாம் போனது. ஆனால் அந்த ஒன்றரைக் கிழமையில் நான் பழக்கிவிட்ட கைகள் எத்தனையோ! எச்சரிக்கை வந்தால் முதலில் திகதியையும் நேரத்தையும் பாருங்கள். அது சரியாக இருந்தும் எச்சரிக்கை நிற்கிறது என்றால் அந்தத் தளத்தை மூடிவிடுங்கள்.

பாதையின் மற்ற முனையை நாங்கள் பார்க்கவே முடியாது. கோர்ஸ் ஒன்றுக்குப் பதிய வந்த ஒரு தங்கச்சி, கடவுச்சொல் மறந்துவிட்டது என்று அந்தத் தளத்தில் அமத்தினார். புதிதாக ஒன்று அமைக்கச் சொல்லாமல், அவருடைய பழைய கடவுச்சொல்லையே ஈமெயிலில் எழுதி அனுப்பியது. வாசிக்கக்கூடிய நிலையில் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தத் தளத்துக்கும் பூட்டு இருந்தது. தரவுகளை ஒழுங்காகப் பாதுகாக்கச் சொல்லி எங்களுக்கும் 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் வந்து சேரும் வரை, ஈமெயிலுக்கும் அதே கடவுச்சொல்லா வைத்திருக்கிறீர் என்று கேட்டேன். ஓம் என்றார். என் மேசையில் வேண்டாம், உம்முடைய போனிலேயே மாற்றும் என்றேன்.

2023 செப்டம்பரில் குரோம் அந்தப் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டு, இரண்டு கோடும் இரண்டு வட்டமும் சேர்ந்த ஓர் அடையாளத்தை வைத்தது. பூட்டு என்றால் என்ன என்று சரியாக விளங்கிக்கொண்டவர்கள் தங்கள் ஆய்வில் 11 வீதம் பேர்தான் என்று கூகிளே சொன்னது. மிச்ச 89இல் நானும் ஒருவன், அதுவும் லெமினேட் செய்து சுவரில் ஒட்டியவன்.

அன்ரி வந்த மறுநாளே பழைய தாளைக் கிழித்துவிட்டேன். நாலு மூலையிலும் பசை அடையாளம் இன்னும் இருக்கிறது. புதிதாக ஒன்று எழுதினேன், பதினொரு வரி வந்தது. ஒட்டுவதற்கு முன் அன்ரியிடம் காட்டினேன். ரீச்சர் அல்லவா, சிவப்புப் பேனையால் ஒவ்வொரு வரியாக வெட்டிக்கொண்டு போனார். “இவ்வளவையும் ஆர் நிண்டு வாசிக்கிறது, தம்பி? கடைசிப் பெயரைப் பாக்கச் சொல்லி மட்டும் எழுதும். எனக்கு அது தெரிஞ்சிருந்தாக் காணும்.”

சரி என்று ‘கடைசிப் பெயரைப் பாருங்கள்’ என்று பெரிய எழுத்தில் அடித்து, மூன்றாம் நம்பர் கொம்பியூட்டருக்கு மேலே ஒட்டினேன். முதல் நாளே, பாஸ்போர்ட் போம் நிரப்பிக்கொண்டிருந்த ஒரு பெடியன் அதை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டான்.

“அண்ணை, கடைசிப் பெயர் எண்டா அப்பாட பெயரோ?”